மலைநோய் வந்த அனுபவத்தோடு பெருவும் பொலிவியாவும்: மாத்திரை மட்டும் போதுமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோவையிலிருந்து நீங்களும் உங்கள் கல்லூரித் தோழியும் ஜூலையில் ஐந்து வாரம் முதுகுப்பையோடு பெரு, பொலிவியா, வட சிலி போகிறீர்கள். லிமாவில் இறங்கி மறுநாளே விமானத்தில் குஸ்கோ, நான்காம் நாள் வானவில் மலை, பிறகு டிடிகாகா ஏரி, லா பாஸ், உயூனி உப்புவெளி, கடைசிப் பத்து நாள் கடற்கரையில் ஓய்வு என்பது திட்டம். இரண்டு ஆண்டுக்கு முன் லடாக்கின் லே நகருக்குப் போனபோது உங்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைநோய்த் தடுப்பு மாத்திரையான டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் போதுமா, இப்போதிருந்தே தினம் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "என்னால் அவளுக்குப் பயணம் கெட்டுவிடக் கூடாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. மாத்திரை பற்றி நான்கு வரியில் சொல்லிவிடலாம். உயரத்தை வேறு வேறு விதமாகத் தாங்குகிற இரண்டு உடம்புகள் ஒரே பாதையில் எப்படிப் போவது என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பொது மருத்துவம் படித்தவள். லடாக்கில் இரண்டு கோடைகாலம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். விமானத்தில் வந்து இறங்கி அன்று மாலையே தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டாக வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன். நீங்கள் போக இருக்கும் பாதையில் ஏழு வாரம் என் தோழி ஒருத்தியோடு நானும் போயிருக்கிறேன். ஆனால் உங்களை நேரில் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை இல்லை. இங்கே எழுதுவதை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய்ப் பேசுங்கள்.

சந்தேகம் இல்லாமல் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு உடனே வேகமாக மூச்சு விடத் தொடங்குகிறது. அப்படி விடும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளை அதைக் கண்டு "போதும், மெதுவாக விடு" என்று கடிவாளத்தை இழுக்கிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றி முடிக்கும்வரை இந்த இழுபறி நடக்கும். அதற்குச் சில நாட்கள் ஆகும். பழகுதல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். அந்தச் சில நாட்களை உடம்புக்குக் கொடுக்காமல் 2,500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்கும்போது தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, கிறுகிறுப்பு வருகின்றன. பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். ஆண்டிஸ் மலைத்தொடரில் இதற்கு சொரோச்சே என்று பெயர். யேசு சபைத் துறவி ஹோசே தெ அக்கோஸ்தா பெருவின் பரியகாகா மலையைக் கடந்தபோது தனக்கு வந்த வாந்தியையும் வேதனையையும் விவரித்து, அங்குள்ள காற்று மனித மூச்சுக்குப் போதாத அளவு மெல்லியது என்று 1590-இலேயே அச்சில் எழுதிவிட்டார். காற்றழுத்தமானி என்று ஒன்று இல்லாத காலம் அது.

ஓட்டப் பயிற்சி இதைத் தடுக்காது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு வராமலும் போகும். 2009 ஏப்ரலில் மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அணி லா பாஸில் பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது நினைவிருக்கலாம். அந்த ஆட்டக்காரர்களுக்கு மலைநோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. உலகத்தரமான உடல்தகுதியால் கூட 3,600 மீட்டர் காற்றை ஈடுகட்ட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். ஓடுங்கள், பையைச் சுமக்கக் கால்களுக்கு உதவும். ஆனால் "நான்தான் தயாராகிவிட்டேனே" என்ற நம்பிக்கையில் வேகமாக ஏறுகிறவர்கள் நோயோடு திரும்புவதை லடாக்கில் நிறையப் பார்த்தேன். யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எங்களிடம் இருப்பதில் நம்பகமான குறிப்பு, முன்பு அதே மாதிரி ஏறியபோது வந்ததா என்பதே. லே 3,500 மீட்டர், குஸ்கோ 3,400. இரண்டுமே தாழ்வான ஊரிலிருந்து விமானத்தில் போய் இறங்கும் ஏற்றம். ஆகவே இப்போதைய திட்டப்படி போனால் உங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. மாற்ற வேண்டியது திட்டத்தை.

நான் சொல்லும் மாற்றம் எளிது. கடைசிக்கு வைத்திருக்கும் அந்தப் பத்து நாள் கடற்கரையை முன்னால் கொண்டுவாருங்கள். லிமாவில் இரண்டு இரவு. பிறகு தெற்கே பேருந்தில் பரகாஸ். அங்கிருந்து படகில் பயெஸ்தாஸ் தீவுகளுக்குப் போனால் கடற்சிங்கங்களையும் ஹம்போல்ட் பெங்குவின்களையும், ஒரு காலத்தில் ஐரோப்பா வரை உரமாக ஏற்றுமதியான பறவை எச்சம் படிந்த பாறைகளையும் பார்க்கலாம். அடுத்து இக்காவுக்குப் பக்கத்தில் மணற்குன்றுகளுக்கு நடுவே ஒரு குளத்தைச் சுற்றி இருக்கும் வகாச்சினா. பிறகு, பழங்கால மக்கள் பாலைவனத் தரையில் கீறிய மாபெரும் கோட்டுருவங்கள் இருக்கும் நாஸ்கா. மேலிருந்து பார்க்க விமானத்துக்குப் பணம் இல்லையென்றாலும் நெடுஞ்சாலை ஓரத்துப் பார்வை கோபுரத்தில் ஏறிச் சில கோட்டுருவங்களைப் பார்த்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். இதுவரை நீங்கள் ஓர் அடிகூட உயரப் பிரச்சினைக்குள் போகவில்லை. அதே சமயம் நேர வித்தியாசத்தால் கெட்ட தூக்கம் சரியாகிவிடும், புது ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்குப் பழகிவிடும். இது சின்ன விஷயம் இல்லை. தூக்கமின்மையும் வயிற்றுப்போக்கும் இருக்கும்போது மலைநோயை அடையாளம் காண மருத்துவர்களுக்கே சிரமம்.

நாஸ்காவிலிருந்து இரவுப் பேருந்தில் அரெகிப்பா. இந்த ஊரை உங்கள் பயணத்தின் நடுத்தூணாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 2,335 மீட்டர், ஊட்டியை விடக் கொஞ்சம் அதிகம். சில்யார் என்னும் வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டிய நகரம், தெருமுனையில் திரும்பினால் 5,822 மீட்டர் மிஸ்தி எரிமலை நிற்கும். 1579-இல் தொடங்கிய சாந்தா கத்தலீனா மடத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். செம்மண் நிறமும் நீலமும் பூசிய சுவர்கள், உள்ளேயே தெருக்கள், மதிலுக்குள் இருக்கும் இன்னோர் ஊர் அது. இங்கே நான்கு இரவு தங்குவதைக் காலவிரயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு திரிகிற நேரத்தில் உங்கள் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கும். கோல்கா பள்ளத்தாக்குக்குக் காண்டோர் கழுகு பார்க்கப் போவதென்றால் மூன்றாம் நாளுக்குப் பிறகு போங்கள். அந்தச் சாலை 4,900 மீட்டர் கணவாய் ஒன்றைக் கடக்கிறது. கடந்து இறங்கிவிடுவதால் பலருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் வந்த மறுநாளே வேண்டாம்.

அரெகிப்பாவிலிருந்து குஸ்கோவுக்கு இரவுப் பேருந்து. காலையில் இறங்கியதும் அங்கே அறை எடுக்காதீர்கள். கொலெக்டிவோ என்னும் பங்கு வேனில் ஏறி இரண்டு மணி நேரத்தில் ஒயாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுங்கள். அது 2,790 மீட்டர். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430. பலருக்கு இது தெரியாது, மச்சு பிச்சுவைத்தான் உச்சி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்து முடித்து, மூன்று நாள் கழித்துக் குஸ்கோவுக்கு ஏறி வரும்போது அந்த ஊர் உங்களை அடிக்காது. அங்கிருந்து டிடிகாகா கரையில் புனோ, 3,830. எல்லை தாண்டிக் கோப்பகபானா, ஏறக்குறைய அதே உயரம். பிறகு லா பாஸ், 3,640. மூவாயிரத்துக்கு மேல் போன பிறகு, தூங்குகிற உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓர் இரவு கூடுதலாக நில்லுங்கள் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. மேலே சொன்ன வரிசை ஏறக்குறைய அந்த விதிக்குள் அடங்குகிறது. வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். குஸ்கோவில் மூன்றாவது நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருந்தால் போய்வாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். என் சொந்த அபிப்பிராயத்தில் அந்த நாளை டிடிகாகாவின் தாகீலே தீவில், ஆண்கள் நடந்துகொண்டே குல்லாய் பின்னுவதைப் பார்த்துக் கழிப்பது மேல்.

மாத்திரைக்கு வருகிறேன். டயமாக்ஸ் என்று நாம் சொல்லும் அசிட்டசோலமைடு, சிறுநீரகம் தானாகச் செய்கிற அந்தக் காரம் நீக்கும் வேலையை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காகப் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி மேலே போய் இரண்டு நாள் வரை. வேலை செய்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சுவை கெட்டிருக்கும். இவை பயப்பட வேண்டியவை இல்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கும்போதே ஒருநாள் போட்டுப் பாருங்கள். உங்கள் முன்கதையைப் பார்த்தால், நான் சொன்ன மெதுவான பாதையிலும் அரெகிப்பாவிலிருந்து குஸ்கோ போகும்போதும், உயூனியின் உயரமான இரவுக்கு முன்பும் இதை எடுத்துக்கொள்வது நியாயம் என்று நினைக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு பழைய திட்டப்படியே லிமாவிலிருந்து பறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் மருந்து அது, வராமல் பூட்டுப் போடும் மருந்து இல்லை. அப்படியே ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் ஊரில் பெண்களுக்கு இரத்தசோகை அதிகம். இருந்தால் மேலே மூச்சிரைப்பும் களைப்பும் நிச்சயம் கூடும்.

அடுத்து, அங்கே எல்லோரும் சொல்லும் ஆனால் ஆதாரம் மெலிந்த வைத்தியங்கள். விடுதிக்குள் நுழைந்ததும் கையில் கொக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். ஆண்டிஸ் மக்களின் வாழ்விலும் வழிபாட்டிலும் அந்த இலைக்குப் பெரிய இடம் உண்டு, மரியாதையோடு வாங்கிக் குடிக்கலாம். தெம்பாக இருப்பதாகத் தோன்றும். மலைநோயைத் தடுக்கிறது என்று காட்டும் நல்ல ஆய்வு இல்லை. குடித்த சில நாட்களுக்குச் சிறுநீர்ச் சோதனையில் கோக்கைன் இருப்பதாகக் காட்டும் என்பது மட்டும் உறுதி, வேலைக்கான சோதனை ஏதும் காத்திருந்தால் தொடாதீர்கள். ஓர் இலைகூடப் பையில் ஊருக்கு வரக் கூடாது, இந்தியச் சட்டப்படி அது போதைப்பொருள். மருந்துக்கடையில் சொரோச்சேவுக்கென்று விற்கும் மாத்திரையில் முக்கியமாக இருப்பது ஆஸ்பிரினும் காஃபீனும். தலைவலி தணியும், பழகுவது விரைவாகாது. சின்ன டப்பா ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான். பூண்டு சூப் நல்ல சூப், அவ்வளவே. தண்ணீர் நிறையக் குடித்தால் வராது என்பதும் பாதி உண்மை. நீர் வற்றினால் மலைநோய் போலவே தலைவலி வரும் என்பதால் தாகத்துக்குக் குடிக்க வேண்டும், ஆனால் ஐந்து லிட்டர் குடித்தாலும் உயரம் குறைந்துவிடாது. இபுப்ரோஃபென் சில ஆய்வுகளில் தடுப்பாகவும் உதவியிருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும் என்பதால் நான் அதைத் தலைவலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் இரண்டு இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

இருவராகப் போகிறீர்கள் என்பதால் இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே தூங்கும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மூச்சு ஆழமாகி, குறைந்து, பத்துப் பதினைந்து நொடி நின்றே போய், பிறகு ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்கும். முதல்முறை கேட்கிறவருக்கு உயிரே போய்விடும். இது மூளையின் அந்தக் கடிவாள இழுபறிதான், உயரத்தில் பலருக்கும் நடக்கும், ஆபத்து இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி வைத்திருந்தால் லா பாஸில் புதிதாக வந்தவருக்கு 88, 90 என்று காட்டுவதும் சாதாரணம். குளிர்ந்த விரலில் அது தப்பாகவும் காட்டும். எண்ணை விட ஆளைப் பாருங்கள். உண்மையில் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம். ஆள் குழம்பிப் பேசுவார், தள்ளாடுவார். தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மற்றது நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், உதடு நீலம் பூக்கும். பெரும்பாலும் ஏறிய இரண்டாம் இரவுக்கு மேல் வரும். இரண்டுக்கும் முதல் மருத்துவம் இறங்குவது, குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் ஆயிரம். ஆக்சிஜன் கிடைத்தால் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். "தெனேமோஸ் கே பஹார்" என்றால் நாங்கள் கீழே இறங்க வேண்டும் என்று பொருள். "மே துவேலே லா கபேசா" என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. இரண்டையும் இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் எல்லோரும் குஸ்கோவுக்குப் பயப்படுகிறார்கள். நான் பயப்படச் சொல்வது உயூனி ஜீப் பயணத்தின் இரண்டாவது இரவுக்கு. முதல் இரவு உப்புவெளி ஓரத்தில், ஏறக்குறைய 3,700 மீட்டர். இரண்டாவது இரவு செந்நிற ஏரியான லகூனா கொலோராதா பக்கம், 4,300. ஒரே நாளில் 600 மீட்டர் ஏற்றம், ஜூலையில் வெளியே மைனஸ் பத்துக்கும் கீழே குளிர், மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில். மறுநாள் விடியற்காலை 4,850 மீட்டருக்கு மேல் இருக்கும் வெந்நீராவி ஊற்றுகளுக்குக் கூட்டிப்போவார்கள்.

எங்களுக்கு அங்கேதான் நடந்தது. அதுவரை என் தோழிதான் என்னைவிடத் திடமாக இருந்தாள். லா பாஸில் கேபிள் கார் வேண்டாம் என்று படிக்கட்டில் ஏறியவள். அன்று இரவு கீன்வா சூப்பைத் தொடாமல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "பசிக்கல" என்றாள். கேட்கக் கேட்கத்தான் வந்தது: மத்தியானத்திலிருந்தே தலை பிளக்கிறது, இரண்டு முறை ஜீப்பின் மறுபக்கம் போய் வாந்தி எடுத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "வண்டியில இன்னும் நாலு பேர் இருக்காங்க. நீ வேற இந்த ஏரிக்காக ஆறு மாசமா பேசிட்டிருந்த" என்றாள். கோடு நடக்கச் சொன்னேன், நடந்தாள். உட்கார்ந்தபோது மூச்சு சீராக இருந்தது. சாதாரண மலைநோய், மூளையும் நுரையீரலும் தப்பியிருந்தன. சிகிச்சை அளவுக்கு மாத்திரை கொடுத்து, இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்கவிட்டுப் பார்த்தேன். காலையில் இரண்டு வழி இருந்தது. பின்னால் திரும்பினால் பல மணி நேரம் கரடுமுரடான பாதையில் உயூனி, ஏறக்குறைய 3,700. முன்னால் போனால் அந்த 4,850-ஐக் கடந்து, எல்லையில் இறங்கி, மதியத்துக்குள் சிலியின் சான் பெத்ரோ தெ அத்தகாமா, 2,400. எங்களிடம் சிலி விசா இருந்தது. ஓட்டுநரிடம் பேசி, ஊற்றுகளில் நிற்காமல் நேராகப் போகச் சொன்னோம். மற்ற நால்வரும் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். எல்லையிலிருந்து சான் பெத்ரோவுக்குச் சாலை ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 2,000 மீட்டர் இறங்குகிறது. பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள், சாயங்காலம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டாள்.

நல்லபடியாக முடிந்ததால் அந்த முடிவு சரி என்று நான் சொல்ல மாட்டேன். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது என்பது விதி. அதை நான் மீறினேன். வழியில் வண்டி பழுதாகி அந்த உயரத்திலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் வருகிறது. இன்று என்றால் முந்தின நாள் மத்தியானமே திரும்பியிருப்பேன். அதற்கு அவள் மத்தியானமே சொல்லியிருக்க வேண்டும். அவள் மறைத்ததற்குக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் அதே வரி.

அதனால் பயணத்துக்கு முன்பே தோழியோடு உட்கார்ந்து சில விஷயங்களைப் பேசி முடிவெடுங்கள். தலைவலி தொடங்கிய அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், அது இருவருக்கும் பொருந்தும். லேயில் அவருக்கு வராததால் உயூனியில் வராது என்று அர்த்தமில்லை. இறங்குவதா என்பதை நோய் இல்லாதவர் முடிவு செய்வார், நோயாளி மறுக்கக் கூடாது. ஏனென்றால் மூளையில் வீக்கம் வரும்போது முதலில் கெடுவது சரியாகத் தீர்மானிக்கும் திறன். உடம்பு சரியில்லாதவரை இரவில் அறையில் தனியாக விட்டுவிட்டு மற்றவர் சுற்றப் போகக் கூடாது. பகலில், நோய் லேசாக இருந்து, விடுதிக்காரருக்குத் தெரிந்திருந்தால் போய்வரலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐந்து வாரத்தில் மூன்று நாளை எந்த ஊருக்கும் ஒதுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது படுக்க வேண்டியிருந்தால் அது ஏற்கெனவே கணக்கில் இருக்கும் நாள், ஒருவர் மற்றவரிடமிருந்து பறித்த நாளாக இருக்காது. மாத்திரைகளையும் பணத்தையும் இரு பையிலும் பாதிப் பாதியாகப் பிரித்து வையுங்கள். இரவுப் பேருந்தில் அந்தச் சிறு பை காலடியில் வேண்டாம், தலைக்கு மேல் தட்டிலும் வேண்டாம், மடியில் இருக்கட்டும். காசு கொஞ்சம் கூடினாலும் காமா என்னும் படுக்கை இருக்கை எடுங்கள். தூங்கி எழுந்த உடம்புக்கு மலை எளிது.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை மலைக்கு அருமையான மாதம், வானம் துடைத்து வைத்தது போலிருக்கும். பெருவின் நடுக் கடற்கரைக்கு அப்படியில்லை. ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிரவைப்பதால் லிமா மாதக்கணக்கில் காருவா என்னும் சாம்பல் மூடுபனிக்குள் கிடக்கும். மழையும் பெய்யாது, வெயிலும் வராது. கடைசிப் பத்து நாள் வெயிலில் படுத்து ஓய்வெடுக்கலாம் என்று நினைத்திருந்தால் அங்கே அது கிடைக்காது. பரகாஸுக்குத் தெற்கே, கடலை விட்டு உள்ளே போனதும் வெயில் வரும். கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று நாளுக்குச் சான் பெத்ரோவிலிருந்து சிலியின் அரிக்காவுக்கு இறங்குங்கள். எகிப்துக்கு முன்பே, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் சின்சோர்ரோ மீனவ மக்கள் பதப்படுத்திய உடல்கள் அங்கே இருக்கின்றன. கருவிலேயே இறந்த குழந்தைகளைக்கூட அவ்வளவு கவனமாகப் பதப்படுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்து நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சைவம் என்றால் "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுக் கொடுத்துவிடுவார்கள், கோழியும் மீனும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மலையில் உருளையும் கீன்வாவும் சோளமும் உங்களைக் காப்பாற்றும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நீங்கள் போகும் ஊர்களில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது, ஆனால் பெருவும் பொலிவியாவும் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கும் நாடுகள். அங்கிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. நாளும் நேரமும் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் தோழிக்கும் அனுப்புங்கள். லிமா–குஸ்கோ விமானச் சீட்டை இன்னும் ரத்து செய்ய முடியும் என்று எழுதியிருந்தீர்கள், இந்த வாரமே செய்துவிடுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உண்டா, ஹீமோகுளோபின் எவ்வளவு, லேயில் இறங்கி எத்தனை மணி நேரத்தில் தலைவலி தொடங்கியது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள், அவருடைய முதல் கேள்விகள் அவையாகத்தான் இருக்கும்.